எழுவானில் ஒரு தடி, படுவானில் ஒரு பிறை

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழுகிற பக்கம் ஒன்று, படுகிற பக்கம் ஒன்று. திசையையே ஊர்ப்பெயராக வைத்துக்கொண்டு வாழ்கிற நமக்கு, பூமியும் சூரியனும் நிலாவும் எப்படி இயங்குகின்றன என்பதைப் பாடப்புத்தகப் படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. கிழக்கே மறைப்பில்லாத கடல் இருக்கிறது. மேற்கே வாவியும் வயல் வட்டையும் இருக்கின்றன. ஒரு தடி, ஒரு நூல், ஒரு கொப்பி கையில் இருந்தால் ஒரு வருடத்துக்குள் அடிப்படையான பல உண்மைகளை உங்கள் வளவிலேயே அளந்து பார்த்துவிடலாம்.

கீழே வரும் எண்கள் மட்டக்களப்பு நகரத்துக்குக் கணித்தவை: வடக்கு அகலக்கோடு 7.7 பாகை, கிழக்கு நெடுங்கோடு 81.7 பாகை. காத்தான்குடி, ஏறாவூர், களுவாஞ்சிக்குடி, கல்முனை ஆகிய இடங்களில் இருப்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அக்கரைப்பற்றில் ஒரு மீற்றர் தடியின் நிழல் ஒரு சென்ரிமீற்றர் அளவு மாறும், அவ்வளவுதான். பொத்துவிலுக்கு மட்டும் வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

தொடங்குமுன் ஒரு கண்டிப்பு. சூரியனை நேரே பார்க்கக் கூடாது. கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே படம், புகை பிடித்த கண்ணாடித் துண்டு, மஞ்சள் தண்ணீர்ப் பாத்திரம் எதுவும் பாதுகாப்பு அல்ல. வெளிச்சம் குறைந்ததுபோல் தெரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாத கதிர் உள்ளே போய் விழித்திரையைச் சுட்டுவிடும். விழித்திரையில் வலி உணரும் நரம்பு இல்லை, அதனால் சுடுவது அந்த நேரம் தெரியாது. இந்த வழிகாட்டியில் சூரியனைப் பற்றிய எல்லா அளவையும் நிழலை வைத்தே எடுக்கிறோம். பிள்ளைகளோடு செய்பவர்கள் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தடி நடுவதும் திசை பிடிப்பதும்

தேவையானவை: ஒன்றரை மீற்றர் அளவில் நேரான ஒரு கம்பு அல்லது பீவீசீ பைப், ஒரு கார்ட்போட் மட்டைத் துண்டு, தூக்குக்குண்டு, அளவு நாடா, அடிமட்டம், வெண்கட்டி, நூல். தூக்குக்குண்டு இல்லையென்றால் நூலில் ஒரு கல்லைக் கட்டினால் போதும். நேரத்துக்குக் கைத்தொலைபேசி. சுவர் மணிக்கூட்டை நம்ப வேண்டாம், இரண்டு மூன்று நிமிடம் முன்பின் ஓடும்.

இடம்தான் முக்கியம். மணலில் நட்டால் தடி சாயும். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அடித்தால் சொல்லவே வேண்டாம். சீமெந்துத் தரையே நல்லது. முற்றத்திலோ மொட்டை மாடியிலோ, காலை 9 மணி தொடக்கம் பின்னேரம் 3 மணிவரை தென்னை நிழல் விழாத இடமாகப் பாருங்கள். பெயின்ற் வாளியில் மண்ணை இறுக்கி அதற்குள் தடியை நிறுத்தலாம். தரை மட்டமா என்று பார்க்க மேசனிடம் நீர்மட்டம் வாங்கி வைத்துப் பாருங்கள். மழைத்தண்ணீர் ஓடுவதற்காக முற்றத்தைச் சரிவாகப் போட்டிருப்பார்கள். மீற்றருக்கு இரண்டு சென்ரிமீற்றர் சரிந்தாலே உங்கள் அளவு ஒரு பாகைக்கு மேல் பிழைக்கும்.

அடுத்த பிழை நிழலின் நுனியில் வரும். சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமான தட்டு. அதனால் ஒரு மீற்றர் தூரத்தில் விழும் நிழல்நுனி ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றருக்கு மங்கிப்போகும். எந்த இடத்தை நுனி என்று எடுப்பது? இதற்கு ஒரு வழி உண்டு. மட்டைத் துண்டில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று இட்டு, தடியின் மேலே தரைக்குச் சமாந்தரமாக வைத்துக் கட்டுங்கள். துளை தரையிலிருந்து சரியாக ஒரு மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். மட்டையின் நிழலுக்கு நடுவே ஒரு சின்ன வெளிச்ச வட்டம் விழும். அந்த வட்டத்தின் மையத்தைக் குறியுங்கள். இனி அளவு தடியின் அடியிலிருந்து அல்ல, துளைக்கு நேர் கீழே தூக்குக்குண்டு தொடும் புள்ளியிலிருந்து. இந்தப் புள்ளியை அடிப்புள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

திசை பிடிக்க, அடிப்புள்ளியை மையமாக வைத்து நூலால் 70 சென்ரிமீற்றர் ஆரத்தில் வட்டம் ஒன்று கீறுங்கள். காலையில் வெளிச்சப்புள்ளி வட்டத்துக்கு வெளியே, மேற்குப் பக்கம் இருக்கும். சூரியன் ஏற ஏற அது உள்ளே வரும். வட்டத்தைத் தொடுகிற கணத்தில் குறி போடுங்கள். மத்தியானம் கடந்து மறுபக்கத்தால் வெளியே போகும்போது மறுபடி குறி. இரண்டு குறியையும் இணைக்கும் கோடுதான் கிழக்கு மேற்கு. அதற்கு மூலைமட்டம் வைத்துக் கீறும் செங்குத்துக்கோடு வடக்கு தெற்கு. கோவில் கட்டும் ஸ்தபதிமார் சங்கு எனப்படும் முளையை நட்டுத் திசை பார்ப்பதும் இதே முறைதான். கைத்தொலைபேசியில் உள்ள திசைகாட்டி இதற்கு ஈடாகாது. அது காந்த வடக்கை வைத்து வேலை செய்கிறது. பக்கத்தில் கொங்கிறீற் கம்பி இருந்தால் இன்னும் விலகும். பின்னேரம் முகில் மூடிவிட்டால் காலைக் குறி வீணாகிவிடும், அதனால் 50, 60, 70, 80 சென்ரிமீற்றர் என நாலைந்து வட்டங்களை முன்கூட்டியே கீறி வைத்துவிடுங்கள். ஏதாவது ஒன்றிலாவது இரண்டு குறியும் கிடைக்கும். மார்கழி, தையில் உச்சி நிழலே 60 சென்ரிமீற்றர் வரை வருவதால் அப்போது பெரிய வட்டங்கள் தேவை.

உச்சி நேரம் பன்னிரண்டு மணி அல்ல

வடக்குத் தெற்குக் கோட்டை வெளிச்சப்புள்ளி கடக்கும் நேரம்தான் உங்கள் ஊரின் உண்மையான உச்சி. நிழல் மிகக் குறுகும் கணமும் அதுவே. ஆனால் அந்த நேரத்தில் நிழலின் நீளம் பல நிமிடங்களுக்கு அசையாததுபோல் தெரியும், ஆகவே நீளத்தைப் பார்த்து நேரம் எடுக்காதீர்கள். கோட்டைக் கடப்பதைப் பார்த்து எடுங்கள்.

இலங்கை நேரம் 82.5 பாகை நெடுங்கோட்டை வைத்து ஓடுகிறது. மட்டக்களப்பு அதற்கு 0.8 பாகை மேற்கே இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் எடுப்பதால், இங்கே உச்சி சராசரியாக 12.03க்கு வரும். சராசரி என்றுதான் சொல்லலாம். பெப்ரவரி 11 அளவில் அது 12.17க்குப் போகிறது, நவம்பர் 3 அளவில் 11.47க்கே வந்துவிடுகிறது. அரை மணித்தியால வித்தியாசம். பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழு வட்டம் அல்ல, ஜனவரியில் வேகமாகவும் ஜூலையில் மெதுவாகவும் ஓடுகிறது. அச்சும் 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் மணிக்கூட்டையும் சூரியனையும் இப்படிப் பிரிக்கின்றன.

ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளென இருட்டிவிடுகிறது என்று சொல்வோமே, அதன் காரணமும் இதுதான். மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21, 22இல் வருகிறது (11 மணி 40 நிமிடம்). ஆனால் மட்டக்களப்பில் சூரியன் மிக வெள்ளென மறைவது நவம்பர் நடுப்பகுதியில், பின்னேரம் 5.41 அளவில். மிகப் பிந்தி விடிவது ஜனவரி கடைசியில், காலை 6.23 அளவில். ஜூனில் வரும் மிக நீண்ட பகல்கூட 12 மணி 34 நிமிடம்தான். பூமத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் வருடம் முழுக்க ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவாகவே நமது பகல் மாறுகிறது.

ஒரு மீற்றர் உயரத் துளைக்கு உச்சி நேரத்தில் எதிர்பார்க்க வேண்டியவை இவை. மார்ச் 20 அளவில் 12.10க்கு, வடக்கு நோக்கி 13.5 சென்ரிமீற்றர். ஜூன் 21 அளவில் 12.05க்கு, தெற்கு நோக்கி 28 சென்ரிமீற்றர். செப்டெம்பர் 22, 23இல் 11.56க்கு, மறுபடி வடக்கு நோக்கி 13.5. டிசம்பர் 21, 22இல் 12.01க்கு, வடக்கு நோக்கி 60. பொத்துவிலில் ஜூனில் 30 சென்ரிமீற்றரும் டிசம்பரில் 58 சென்ரிமீற்றரும் வரும். டிசம்பர் அளவுதான் சிரமம். மாரி நேரம், நாள்கணக்காக வெயில் வராது. டிசம்பர் 10 தொடக்கம் ஜனவரி 2 வரை எந்த நாளில் வெயில் கிடைத்தாலும் எடுங்கள், அந்த மூன்று கிழமைக்குள் நிழல் ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் மாறும்.

ஜூன் நிழல் தெற்கே விழுவதைக் கவனியுங்கள். குளிர்நாட்டில் எழுதப்பட்ட புத்தகங்களில் "உச்சி நிழல் எப்போதும் வடக்கே விழும்" என்று இருக்கும். அது அவர்களுக்குச் சரி. நமக்கு ஏப்ரல் 9 அளவிலிருந்து செப்டெம்பர் 2 அளவுவரை, ஏறக்குறைய ஐந்து மாதம், உச்சிச் சூரியன் வடக்கில் நிற்கிறது. வடக்கு வாசல் வீடு உள்ளவர்கள் ஆனி மாதத்தில் விறாந்தையைப் பாருங்கள். இறவாரம் 2.1 மீற்றர் உயரம் என்றால் மத்தியான வெயில் 60 சென்ரிமீற்றர் உள்ளே வந்திருக்கும். அதே வீட்டில் மார்கழியில் அந்த இடத்தில் வெயிலே படாது.

நிழல் இல்லாத நாள்

வருடத்தில் இரண்டு முறை உச்சிச் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வரும். மட்டக்களப்பில் ஏப்ரல் 9 அளவில் 12.05க்கும், செப்டெம்பர் 2 அல்லது 3இல் 12.03க்கும். பொத்துவிலில் ஏப்ரலில் இரண்டு நாள் முந்தி, செப்டெம்பரில் இரண்டு நாள் பிந்தி. ஒரு போத்தலை மட்டமான தரையில் நிறுத்துங்கள். அதன் நிழல் அடியோடு சுருங்கிப் போத்தலுக்குக் கீழேயே ஒளிந்துவிடும். பைப் துண்டு ஒன்றை நிமிர்த்தி வைத்தால் உள்ளே ஒரு பக்கமும் நிழல் இல்லாமல் அடிவரை வெளிச்சம் இறங்கும். கிணறு வெட்டிய வளவு என்றால் இன்னும் நல்லது. மற்ற நாட்களில் ஒரு பக்கச் சுவரில் மட்டும் படுகிற வெயில், அன்று சில நிமிடம் நேரே தண்ணீரில் இறங்கும். தண்ணீரில் தெரியும் சூரியனை உற்றுப் பார்க்க வேண்டாம், சுவரைப் பாருங்கள்.

சித்திரைப் புத்தாண்டு அன்றுதான் சூரியன் உச்சியில் நிற்கிறது என்று பலர் சொல்வதுண்டு. ஏப்ரல் 14 அளவில் அந்த உச்சி யாழ்ப்பாணம் பக்கம் ஏறிவிடுகிறது. நமக்கு அது ஐந்து நாள் முந்தியே முடிந்துவிடும். அந்த நாளில் வெயில் செங்குத்தாக விழுந்தாலும், நமது கரையில் வறட்டு வெக்கை உறைப்பது வைகாசிக்குப் பிறகுதான். அதற்குக் காரணம் மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு இறங்கும் கச்சான் காற்று. பூமி சூரியனுக்குக் கிட்டப் போவதால் வெயில் கூடுகிறது என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட வருவது ஜனவரி முதற் கிழமையில், 14 கோடி 71 இலட்சம் கிலோமீற்றரில். மிகத் தூரம் போவது ஜூலை முதற் கிழமையில், 15 கோடி 21 இலட்சத்தில்.

இந்தத் தடியால் பூமியையே அளக்கலாம். கி.மு. 240 அளவில் எரடோஸ்தனிஸ் எகிப்தில் இரண்டு ஊர்களின் நிழல் வித்தியாசத்தை வைத்துச் செய்ததை நாம் இரண்டு கைத்தொலைபேசியோடு செய்யலாம். பொத்துவிலில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர், ஒரே நாளில் அவரவர் ஊர் உச்சிக்கு ஒரு மீற்றர் துளையின் நிழலை அளக்க வேண்டும். மார்ச் 20இல் பொத்துவிலில் 12 சென்ரிமீற்றரும் யாழ்ப்பாணத்தில் 17 சென்ரிமீற்றரும் வரும். கணிப்பானில் இவற்றின் கோணம் பார்த்தால் 6.8, 9.6 பாகை, வித்தியாசம் ஏறக்குறைய 2.8. வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் இடையே வடக்குத் தெற்காக மட்டும் அளந்தால் 310 கிலோமீற்றர் அளவு. பஸ் போகும் பாதைத் தூரத்தை எடுத்தால் விடை கெட்டுவிடும். 360ஐ 2.8ஆல் பிரித்து 310ஆல் பெருக்குங்கள்: 40,000 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். பூமியின் சுற்றளவு அதுதான். ஒருவர் 5 மில்லிமீற்றர் பிழைத்தால் விடை பத்தில் ஒரு பங்கு தவறும், ஆகவே துளை மட்டையும் நீர்மட்டமும் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள். இரண்டு மீற்றர் உயரத் துளை கட்ட முடிந்தால் பிழை பாதியாகக் குறையும்.

கடற்கரையில் விடியல்

இதற்குத் தேவை ஒரே இடத்தில் மறுபடி மறுபடி நிற்பது மட்டும்தான். கல்லடி, பாசிக்குடா, கல்முனை, நிந்தவூர், எங்கென்றாலும் கடற்கரையில் அசையாத ஒரு பொருளைத் தேர்ந்து, அதன் பக்கத்திலேயே நின்று சூரியன் எழுமுன் வரும் செம்மையைப் பாருங்கள். கரையில் இழுத்துவிட்ட தோணியை அடையாளமாக வைக்க வேண்டாம், நாளைக்கு இராது. கையை நீட்டி மடக்கிய முட்டி 10 பாகை, சின்னவிரலின் அகலம் ஒரு பாகை, பெருவிரல் இரண்டு. ஆள் சிறியவர் என்றால் கையும் சின்னது, ஆகவே இந்தக் கணக்கு பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒத்தே வரும்.

மார்ச், செப்டெம்பரில் நேர் கிழக்கு. ஜூனில் அதற்கு இடப்பக்கம், அதாவது வடக்கே, இரண்டு முட்டியும் நாலு சின்னவிரலும். டிசம்பரில் அதே அளவு வலப்பக்கம். மொத்தம் 47 பாகை. மார்ச், செப்டெம்பரில் எழும் இடம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய முக்கால் சூரிய அகலம் நகர்கிறது, இரண்டு நாளிலேயே வித்தியாசம் தெரியும். ஜூன், டிசம்பர் கடைசியில் கிழமைக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கும்.

சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22இல். பஞ்சாங்கம் உத்தராயணத்தைத் தை முதலாம் திகதியில், ஜனவரி 14, 15இல் வைக்கிறது. தைப்பொங்கல் அன்று கடற்கரைக்குப் போய்ப் பார்த்தால், சூரியன் ஏற்கனவே நாலு சூரிய அகலம் வடக்கே வந்திருப்பது தெரியும். பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து ராசியைக் கணிக்கிறது. பூமியின் அச்சோ ஏறக்குறைய 26,000 வருடத்துக்கு ஒரு முறை பம்பரம்போலத் தலை சுற்றுவதால், 72 வருடத்துக்கு ஒரு பாகை வீதம் இரண்டும் விலகி வந்திருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு அளவுகோல், ஒன்றைக்கொண்டு மற்றதைப் பிழை என்று சொல்ல வேண்டியதில்லை.

சூரியன் இங்கே ஏறக்குறைய நேரே மேலே கிளம்புகிறது, சாய்வு 8 பாகை அளவுதான். கருக்கல் நேரம் இங்கே குறுகலாக இருப்பது அதனால்தான். சூரியன் மறைந்து 21 நிமிடம் அளவில் வெளியில் வேலை செய்ய முடியாத இருட்டு வந்துவிடும். கடற்கரையில் பிள்ளைகளோடு நிற்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

அதே இடத்திலிருந்து வடக்கே துருவ நட்சத்திரத்தையும் தேடலாம். அதன் உயரம் உங்கள் அகலக்கோட்டுக்குக் கிட்டத்தட்டச் சமம், எனவே நமக்கு ஒரு முட்டியும் வராது. தென்னைமரமும் ஊர் வெளிச்சமும் மறைத்துவிடும். மழை ஓய்ந்த மாசி இரவில் மரமில்லாத வட்டைக்குப் போனால்தான் சரிவரும்.

நிலாவை ஒரு மாதம் பிடித்தல்

அமாவாசை கழிந்து அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ தொடங்குங்கள். தலைப்பிறை பார்க்கிற முஸ்லிம் ஊர்களில் இது பழகிய கலை. சூரியன் மறைந்து 20, 30 நிமிடத்தில், மஃரிப் தொழுகையை ஒட்டிய நேரத்தில், சூரியன் விழுந்த இடத்துக்கு மேலே தேட வேண்டும். நமது மேற்கு வானம் மலைநாட்டுப் பக்கம் என்பதால் ஐப்பசியில் இடிமுகில் மூடிவிடும். வாவிக்கரையில் நின்றால் கூரையும் மரமும் மறைக்காது. பிறை கிடந்த தோணிபோல் தெரியும். ஜனவரி, ஜூன் மாதங்களில் தோணி ஏறக்குறைய மட்டமாக இருக்கும், செப்டெம்பரில் நன்றாகச் சாயும். எப்போது பார்த்தாலும் தோணியின் வயிறு சூரியன் மறைந்த பக்கம்தான் திரும்பியிருக்கும். நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

பிறகு ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் பாருங்கள். நிலா நாளுக்கு 12 பாகை, அதாவது ஒரு முட்டியும் ஒரு பெருவிரலும், கிழக்கே தள்ளி நிற்கும். ஏழு எட்டு நாளில் பாதி நிலா, மாலையில் தலைக்கு மேலே. பதினைந்தாம் நாள் அளவில் பௌர்ணமி; படுவானில் சூரியன் விழ, எழுவானில் கடலுக்குள்ளிருந்து நிலா வரும். அதற்குப் பின் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பிந்திப் பிந்தி எழும். தேய்பிறைப் பாதி நிலா நடுச்சாமத்தில் எழுந்து, விடியும்போது உச்சியில் நிற்கும். ஒரு சுற்று முடிய 29.5 நாள். திதி என்பது இந்த 12 பாகைதான். நிலாவின் வேகம் மாறுவதால் ஒரு திதி சில நேரம் 20 மணித்தியாலம், சில நேரம் 26க்கும் மேல்.

போயா விடுமுறை அன்று கலண்டரை நம்பிக் கடற்கரைக்குப் போனவர்கள், நிலா சூரியன் மறைந்து அரை மணித்தியாலம் கழித்து வந்தால் குழம்புவார்கள். பௌர்ணமி என்பது ஒரு கணம். அது அன்று காலையிலேயே கடந்திருந்தால் மாலையில் நிலா கொஞ்சம் பிந்தும். இரவில் கடக்க இருந்தால் சூரியன் மறையுமுன்னே எழுந்துவிடும். கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீன் கேட்க நிலாக்காலத்தில் தோணியில் போகிறவர்களுக்கு, நிலா உச்சிக்கு வருவது நடுச்சாமத்தை ஒட்டி என்று தெரிந்திருப்பது நல்லது.

பிறைகள் பூமியின் நிழலால் வருகின்றன என்பது பள்ளிக்கூடத்தில் மிக அதிகமாகக் கேட்கும் பிழை. தேசிக்காய் ஒன்றால் இதைத் தீர்க்கலாம். தேய்பிறை அட்டமியை ஒட்டிய ஒரு காலை, 7 அல்லது 8 மணிக்கு வெளியே வாருங்கள். மேற்கு வானில் பாதி நிலா இன்னும் வெள்ளையாக இருக்கும், கிழக்கே வெயில் இருக்கும். தேசிக்காயை ஈர்க்கில் குத்தி, வெயில் படும்படி நிலாவுக்குப் பக்கமாக நீட்டிப் பிடியுங்கள். தேசிக்காயில் எந்தப் பாதி மஞ்சளாக மின்னுகிறதோ, நிலாவிலும் அதே பாதி. எந்தக் கோட்டில் நிழல் பிரிகிறதோ, நிலாவிலும் அதே கோடு. அங்கே பூமியின் நிழல் எங்குமே இல்லை. வெயில் படுகிற பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

எழும் நிலா பெரிதாகத் தெரிவதையும் அளந்து பாருங்கள். கடதாசி துளைக்கும் கருவியால் ஒரு துளை இடுங்கள், அது 6 மில்லிமீற்றர் அளவு வரும். கையை முழுக்க நீட்டி ஒரு கண்ணால் அதற்குள் நிலாவைப் பாருங்கள். கடல்மேல் எழுந்த நேரத்திலும் சரி, இரவு பத்து மணிக்கும் சரி, துளைக்குள் நிலா ஒரே அளவாகவே அடங்கும். பெரிதாகக் காட்டியது நமது மூளை.

நிலா நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு மணித்தியாலத்துக்குத் தன் அகலம் அளவு கிழக்கே நகர்கிறது. பிரகாசமான நட்சத்திரம் ஒன்று பக்கத்தில் இருக்கும் இரவில் கொப்பியில் வரைந்துவைத்து, மூன்று மணித்தியாலம் கழித்து மறுபடி வரையுங்கள். வானம் முழுக்க மேற்கே இறங்கும்போது நிலா மட்டும் மெல்ல எழுவான் பக்கம் பின்வாங்குவது தெரியும். பூமி சுழல்வது முதல் அசைவு, நிலா பூமியைச் சுற்றுவது இரண்டாவது.

வற்றுப்பெருக்கைப் பற்றிச் சுருக்கமாக: அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் கூடுதலாக ஏறி இறங்கும். ஆனால் நமது கரையில் அந்த வித்தியாசம் ஒரு மீற்றரும் வராது. வாவியின் தண்ணீர் மட்டத்தை நிலாவைவிட மழையும், முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்பதுமே தீர்மானிக்கின்றன. வாவியில் அளந்து நிலாவைப் பிடிக்க முயல வேண்டாம்.

தேசிக்காய் அளவில் மூன்றும்

புத்தகப் படத்தில் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், அந்தப் படம்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். 4 சென்ரிமீற்றர் தேசிக்காய் பூமி என்றால், நிலா ஒரு கொண்டைக்கடலை, 1.1 சென்ரிமீற்றர். அதை தேசிக்காயிலிருந்து 1.2 மீற்றர் தள்ளி வைக்க வேண்டும். சூரியன் 4.4 மீற்றர் உருண்டை, 470 மீற்றர் தூரத்தில். பள்ளிக்கூட மைதானத்தில் முதல் இரண்டையும் வைத்துவிட்டு, வீதி வழியே 470 மீற்றர் நடந்து போய், அங்கே நாலரை மீற்றர் கம்பு ஒன்றை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பாருங்கள். அந்தக் கம்பு, கையை நீட்டிப் பிடித்த சின்னவிரல் அகலத்தில் பாதிதான் தெரியும், வானத்துச் சூரியன் தெரிவதும் அவ்வளவே. உண்மைத் தூரம் சராசரி 14 கோடி 96 இலட்சம் கிலோமீற்றர். வெளிச்சம் வந்துசேர 8 நிமிடம் 20 செக்கன். நிலா 3 இலட்சத்து 84 ஆயிரம் கிலோமீற்றரில்.

சூரியனின் விட்டத்தைக் கிடுகுக் கூரை வீட்டில் அளக்கலாம். கிடுகு இடுக்கால் தரையில் விழும் வெயில் பொட்டுகளைப் பாருங்கள். ஓட்டை முக்கோணமாக, கோணல்மாணலாக இருக்கும்; பொட்டு மட்டும் வட்டமாக விழும். ஒவ்வொரு பொட்டும் சூரியனின் படம். ஓட்டையிலிருந்து பொட்டுவரை நூல் பிடித்து அளந்து, வெயிலுக்கு நேர்முகமாகச் சாய்த்த வெள்ளைத் தாளில் பொட்டின் அகலத்தை எடுங்கள். 2.5 மீற்றர் தூரத்துக்கு 23 மில்லிமீற்றர் வரும். ஓட்டை பெரிதென்றால் அதன் அகலத்தைக் கழியுங்கள், இதை மறப்பதால்தான் விடை கூடிவிடுகிறது. அகலம் தூரத்தில் 107இல் ஒரு பங்கு. சூரியனின் தூரத்தை 107ஆல் பிரித்தால் ஏறக்குறைய 14 இலட்சம் கிலோமீற்றர் வரும். சரியான விட்டம் 13 இலட்சத்து 92 ஆயிரம்.

கிரகணம்

நிலாவின் பாதை பூமியின் பாதைக்கு 5 பாகை சாய்ந்திருப்பதால் எல்லா அமாவாசைக்கும் சூரிய கிரகணம் வருவதில்லை, எல்லாப் பௌர்ணமிக்கும் சந்திர கிரகணம் வருவதில்லை. 2019 டிசம்பர் 26இல் கங்கண (வளைய) சூரிய கிரகணம் யாழ்ப்பாணம், திருகோணமலை வழியாகப் போனபோது மட்டக்களப்புக்குப் பகுதிக் கிரகணமே கிடைத்தது. சூரிய கிரகணம் வந்தால் மேலே சொன்ன கிடுகுப் பொட்டே போதும், தரையெல்லாம் பிறை பிறையாக மாறிவிடும். கிடுகு இல்லாதவர்கள் அரிதட்டு ஒன்றை வெயிலில் பிடிக்கலாம்.

சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் எவ்வளவு நேரமும் பார்க்கலாம். 2028 டிசம்பர் 31 இரவு முழுச் சந்திர கிரகணம் ஒன்று இங்கே நல்ல உயரத்தில் தெரியும், அதன் நடு நேரம் 10.20 அளவு, முழுமை மட்டும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். மாரிக்காலம் என்பதால் முகில் விலகுமா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு முன்பே வெளியே வந்துவிடுங்கள், நிழல் நிலாவைக் கடிக்கத் தொடங்கி முழுமை வரும்வரை உள்ள நேரம்தான் அளவுக்கு நல்லது. பாதி மறைந்த நிலையில் நிலாவைப் பெரிதாகப் படமெடுத்து, தாளில் அச்சிட்டு, நிழலின் வளைந்த விளிம்பில் மூன்று புள்ளி வைத்து, கவராயத்தால் அந்த வட்டத்தை முழுமையாக்குங்கள். பூமியின் நிழல் நிலாவைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் பெரிதாக வரும். கைத்தொலைபேசி தானாக வெளிச்சத்தைக் கூட்டினால் நிலா வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும், விளிம்பு தெரியாது. திரையில் நிலாவைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்தபின் எடுங்கள், தொலைபேசியை மதில் மேல் ஊன்றி வையுங்கள்.